ஓடினால் ஒன்றும் ஆகாதா? கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் குழந்தைகளின் உடல்வலு: கேள்வி பதில்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளின் நடை, ஓட்டம், விளையாட்டு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து தரும் பதில்கள் இவை. மாற்று சிகிச்சை செய்த மருத்துவக் குழு உங்கள் குழந்தைக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. மாற்று சிகிச்சை முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறாள். கல்லீரல் சரியாகிவிட்டதென்றால் இந்தச் சோர்வு ஏன்?
— ஒரு தாய்

பதில்: அந்தப் பரிசோதனைகள் கல்லீரலைப் பற்றித்தான் சொல்கின்றன. உங்கள் மகளை உட்கார வைப்பது பெரும்பாலும் தசை.

இந்தக் குறை அறுவை சிகிச்சைக்கு வெகு முன்பே தொடங்கியது. நல்ல கல்லீரல் பகலில் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். நோயுற்ற கல்லீரலில் அந்த இருப்பு இல்லை. அதனால் சில மணி நேரம் சாப்பிடாமல் தூங்கினாலே உடல் தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். பித்தம் குடலுக்கு வந்து சேராத குழந்தைக்குக் கொழுப்பும், அதோடு உறிஞ்சப்பட வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் ஒட்டுவதில்லை. வயிற்றில் நீர் கோத்திருந்த நாட்களில் எடைக் கருவி இந்த இழப்பைக் காட்டியிருக்காது. எடை அப்படியே இருக்க, தொடையும் கையும் மெலிந்துகொண்டே வந்திருக்கும்.

அதன் மேல் அறுவை சிகிச்சை. வயிற்றின் குறுக்கே தசைகளை வெட்டித்தான் உள்ளே போக முடியும். பிறகு படுக்கை நாட்கள். பிறகு, புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் ஸ்டீராய்டு. இந்த மருந்து இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகளைத்தான் முதலில் தளர்த்தும். தரையிலிருந்து கை ஊன்றி எழுவதும் படி ஏறத் திணறுவதும் அந்தத் தசைகள் இன்னும் மீளவில்லை என்பதற்கான அடையாளம். ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும், வேலை கொடுக்காவிட்டால் அவை தாமாகப் பழைய பலத்துக்கு வராது. மாற்று சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆன குழந்தைகளைச் சோதித்த ஆய்வுகளிலும், கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவும் வயிற்றுத் தசையின் பலமும் அதே வயதுப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே இருந்திருக்கின்றன.

ஆனாலும் "தசைதான்" என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பு, மக்னீசியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண்), ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து சிறுநீர் வழியே மக்னீசியத்தை வெளியேற்றும். அது குறைந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், சோர்வும் வரும். அதே வேலைக்கான மைக்கோஃபினோலேட் மருந்து எடுக்கும் குழந்தைக்கு ரத்தசோகை வரலாம். கல்லீரல் நோயால் நுரையீரல் ரத்தநாளங்கள் விரிந்து ஆக்சிஜன் குறைந்திருந்த குழந்தைகளுக்கு, மாற்று சிகிச்சைக்குப் பின் அது சீராகப் பல மாதங்கள் பிடிக்கும். கல்லீரலின் பித்தக் குழாய்களையும் இதயத்தையும் பிறவியிலேயே பாதிக்கும் அலகில் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நுரையீரல் தமனி குறுகியிருக்கக்கூடும் என்பதால் இதய மருத்துவர் பார்த்த பிறகே கடும் பயிற்சி. கிளைகோஜனை உடல் சரியாகக் கையாள முடியாத கிளைகோஜன் சேமிப்பு நோயின் சில வகைகளில் தசையிலும் அதே குறை உண்டு. புதிய கல்லீரல் அதைத் தீர்க்காது.

மூச்சு வாங்குவது புதிதாகக் கூடியிருந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லை, பரிசோதனைகளும் சரி என்றால் உடற்பயிற்சிதான் மருந்து. மாத்திரைக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இதற்கும் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் வீட்டில் எதிலிருந்து தொடங்குவது? முன்னேற்றம் தெரிய ஏதாவது அளவுகோல் உண்டா?
— அதே தாய்

பதில்: முதலில் அளந்துவிடுங்கள். அளக்காமல் தொடங்கினால் ஒரு மாதத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று தோன்றி நின்றுபோகும்.

சமதளமான இடத்தில் 30 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் ஏதாவது ஒரு அடையாளம் வையுங்கள். ஆறு நிமிடத்தில் அவளால் முடிந்தவரை வேகமாக நடக்கட்டும், ஓடக் கூடாது. களைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை முறை போய் வந்தாள் என்று எண்ணி மீட்டராக எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கூடவே நடந்தால் உங்கள் வேகம் அவளுக்குத் தொற்றிவிடும். ஓரமாக நின்று பாருங்கள். அடுத்து, அவள் பாதம் முழுதாகத் தரையில் படும் உயரத்தில், நகராத நாற்காலி ஒன்று. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறாள் என்று எண்ணுங்கள். இந்த இரண்டு எண்களும் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே செருப்பு, ஏறக்குறைய அதே நேரம். வேறு குழந்தையின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று ஐந்து சுற்று. இரண்டு வாரம் கழித்து வேகம் ஒன்றரை நிமிடம், நிதானம் ஒன்றரை நிமிடம். ஆறாவது வாரத்தில் இரண்டு நிமிட வேகத்துக்கு ஒரு நிமிட ஓய்வு போதும் என்ற நிலை பெரும்பாலும் வந்துவிடும். அதோடு நாற்காலியில் எழுந்து உட்காருவது 8 முறை, இரண்டு தடவை. இதை மெல்ல 12 முறை, மூன்று தடவை என்று கொண்டுபோக வேண்டும். குதிகாலை உயர்த்தி நிற்பது, சுவரில் கை ஊன்றித் தண்டால், 15 சென்டிமீட்டர் படியில் ஏறி இறங்குவது ஆகியவற்றையும் இதே எண்ணிக்கையில் சேர்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளை "செட்" எண்ணிக்கொண்டு பயிற்சி செய்யாது என்பதை மறந்துவிடாதீர்கள். நொண்டியும் பந்து பிடிப்பதும் ஓடிப் பிடிப்பதுமாக மாற்றுங்கள். தவளைப் பாய்ச்சல் கால் தசைக்கும் எலும்புக்கும் நல்லது. எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டியும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு அதைச் சேர்க்கலாம்.

எவ்வளவு வேகம் சரி? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. "பத்துக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டால் 5 அல்லது 6 என்று சொல்ல வேண்டும். நாடித்துடிப்பையும் பார்க்கலாம். இதய மாற்று செய்தவர்களைப்போல இவர்களுக்கு இதயத்துக்குப் போகும் நரம்பு துண்டிக்கப்படவில்லை என்பதால் துடிப்பு இயல்பாகவே ஏறும். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு அது அவ்வளவாக ஏறாது. அவர்களுக்குப் பேச்சுக் கணக்குதான்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் இருக்க வேண்டும் என்றும், தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உங்கள் மகளும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். குனிந்தே நடக்கிறான். எப்போது எதைச் செய்ய விடலாம்?
— ஒரு தந்தை

பதில்: குனிந்து நடப்பதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தழும்பு இழுக்கிறது, வலிக்குமோ என்ற பயமும் இருக்கிறது, அதனால் வயிற்றை மடக்கியே வைத்துக்கொள்வான். நாள்பட்டால் அதுவே பழக்கமாகித் தோளும் முதுகும் வளைந்துவிடும். சுவரில் குதிகால், புட்டம், தோள், பின்னந்தலை நான்கும் படும்படி 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள், நாளைக்கு ஐந்தாறு முறை. இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கட்டும். நீர்க்குமிழி ஊதுவதும் காற்றாடியை ஊதிச் சுழற்றுவதும் ஆழ்ந்து மூச்சு விடப் பழக்கும். இருமல் வந்தால் சிறிய தலையணையைத் தழும்பின் மேல் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள்.

ஆறாவது வாரம் முடியும்வரை நடைதான் பயிற்சி. ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கு முறை என்று தொடங்கி இரண்டு நாளைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சோர்ந்திருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். தண்ணீர் பாட்டில், ஒரு புத்தகம், இவ்வளவுதான் தூக்கலாம். பள்ளிப்பை வேண்டாம், தம்பி தங்கையைத் தூக்குவதும் வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் நிற்காமல் நடக்கும் அளவுக்கு வரட்டும். முன் பதிலில் சொன்ன நாற்காலிப் பயிற்சி, குதிகால் பயிற்சி, சுவர்த் தண்டால் எல்லாம் இந்தக் கட்டத்தில் தொடங்கலாம்.

வயிற்றுத் தசைப் பயிற்சிக்கு அறுவை மருத்துவரின் அனுமதி வேண்டும். வழக்கமாக அது மூன்று மாதம் கழித்துத்தான். வெட்டிய தசையுறை அதற்குள் பெருமளவு கூடியிருக்கும், முழுதாக அல்ல. ஸ்டீராய்டு அந்தப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நிராகரிப்பைத் தடுக்கும் சிரோலிமஸ், எவரோலிமஸ் மருந்துகள் இன்னும் அதிகமாக. அனுமதி கிடைத்ததும் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பின் பின்பக்கம் தரையைத் தொடும்படி வயிற்றை இறுக்குவது. அதே நிலையில் இடுப்பை உயர்த்தி ஐந்து விநாடி வைப்பது. தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது என்று படிப்படியாகப் போகலாம். மூச்சை அடக்காமல், எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். மல்லாந்து படுத்து எழும் "சிட்-அப்" இப்போதைக்கு வேண்டாம். பயிற்சியின்போது தழும்பை ஒட்டி வயிறு கூம்பிக்கொண்டு மேலெழும்பினால் அந்தப் பயிற்சி அவனுக்கு அதிகம் என்று பொருள்.

இருமும்போது தழும்பருகே புடைத்து, படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும். அந்தப் புடைப்பு கெட்டியாகி உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை.

சைக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழும்போது கைப்பிடியின் முனை வயிற்றில் குத்துவது, குழந்தைகளுக்குக் கல்லீரலும் கணையமும் காயப்படும் காரணங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. இவனுக்கோ கல்லீரலின் ஒரு பகுதி விலா எலும்புக்குக் கீழே, வயிற்றின் நடுவில்கூட இருக்கலாம். ஆறு மாதம் பொறுங்கள். அதன் பிறகும் கைப்பிடி முனையில் தடித்த ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்த்து, தலைக்கவசம் போட்டே விடுங்கள்.

கேள்வி: பத்து மாதக் குழந்தை. மாற்று சிகிச்சை முடிந்து எட்டு வாரம். இன்னும் குப்புற விழவில்லை, தானாக உட்காரவும் இல்லை. குப்புறப் படுக்க வைக்கலாமா?
— ஒரு பாட்டி

பதில்: அறுவை மருத்துவர் சரி என்று சொல்லியிருந்தால் வைக்கலாம் அம்மா; பல குழந்தைகளுக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு அனுமதி கிடைத்துவிடும். பிறந்ததிலிருந்து வயிறு உப்பி, குப்புறப் படுக்கவே முடியாமல் இருந்த குழந்தை இது. கழுத்து, தோள், முதுகு எதற்கும் வேலை இருந்திருக்காது. தாமதம் எதிர்பார்த்ததுதான்.

முதலில் தரை வேண்டாம். யாராவது சாய்ந்து படுத்துக்கொண்டு மார்பின் மேல் குழந்தையைக் குப்புற வையுங்கள். முகம் தெரிவதால் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒன்றிரண்டு நிமிடம், நாளைக்கு ஆறேழு முறை. பழகியதும் தரையில், மார்புக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து. நாளடைவில் எல்லாம் சேர்த்து 30 நிமிடத்துக்குக் குறையாமல் வர வேண்டும். பால் குடித்து அரை மணி நேரமாவது கழித்துச் செய்யுங்கள். மூக்குக் குழாய் இருந்தால் அது இழுபடாமல் கன்னத்தில் ஒட்டியிருக்கட்டும். தூக்கும்போது ஒரு கை புட்டத்துக்குக் கீழே, மற்றொரு கை தோளுக்குக் கீழே. சக்கரம் வைத்த நடைவண்டியில் உட்கார வைக்காதீர்கள். அது தரையில் புரள்வதற்கான நேரத்தைத் தின்றுவிடும், கவிழ்ந்து அடிபடும் ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதம் முழுக்க எதுவும் கூடவில்லை என்றால் இயன்முறை மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். மாற்று சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆன பதினொரு வயது மாணவன் வகுப்பில் இருக்கிறான். "விளையாட விடாதீர்கள்" என்று பெற்றோர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அவன் தினமும் ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.
— ஓர் ஆசிரியர்

பதில்: உங்கள் கஷ்டம் நியாயமானது. ஒன்றரை ஆண்டு கடந்து, நலமாக இருக்கும் குழந்தை முழுதாக ஒதுங்கி உட்கார வேண்டிய மருத்துவக் காரணம் பெரும்பாலும் இருக்காது. பெற்றோரின் பயத்தையும் குறைசொல்ல முடியாது. மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளை. அவர்களிடம் வாதாடுவதைவிட, மருத்துவக் குழுவிடமிருந்து எழுத்தில் ஒரு பட்டியல் வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எவ்வளவு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறானா, எலும்பு அடர்த்தி எப்படி.

மண்ணீரல் இயல்பான அளவில் இருக்கும்போது இடது விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கும். கல்லீரல் நோய்க்காலத்தில் வீங்கிய மண்ணீரல், மாற்று சிகிச்சைக்குப் பின்னும் பல குழந்தைகளுக்கு விலாவுக்குக் கீழே நீண்டேயிருக்கும். அங்கே விழும் ஓர் உதை உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கலாம். பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50,000-க்குக் கீழே இருந்தால் மோதல் விளையாட்டு கூடாது என்பதே பொதுவான வழக்கம். இந்த நான்கும் சரியாக இருந்தால் ஓட்டம், தாண்டுதல், இறகுப்பந்து, மேசைப்பந்து, கூடைக்குள் பந்து எறிவது, நடனம் எல்லாம் தாராளமாக. கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றை மருத்துவர் ஒப்புதலோடு, வயிற்றுக் கவசம் போட்டு. குத்துச்சண்டை, மல்யுத்தம், கபடி, ரக்பி போன்று உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளை நாங்கள் எந்த வயதிலும் பரிந்துரைப்பதில்லை.

அடிபட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். வயிற்றில் பலமாக அடி விழுந்து, வலி, வெளிறிப்போதல், தலைசுற்றல், தோள்பட்டையில் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். கால் சுளுக்குக்கு ஐஸ் வைக்கலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ கொடுக்கக் கூடாது. டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரக ரத்தநாளங்களைச் சுருக்கி வைத்திருக்கும், இந்த மருந்துகள் அதே சிறுநீரகத்தை இன்னொரு பக்கம் நெருக்கும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம், அதையும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு. சிராய்ப்பைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி மூடுங்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள். அவனுடைய தண்ணீர் பாட்டிலை வேறு யாரும் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் எச்சில் வழியே பரவும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது நிணநீர்க் கட்டிகள்வரை கொண்டுபோகலாம். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்கும் எதிர்ப்பொருள் (இம்யூனோகுளோபுலின்) ஊசி போட வேண்டியிருந்தால் அது முதல் சில நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: பள்ளி விளையாட்டு விழாவுக்கு மறுநாள் வழக்கமான ரத்தப் பரிசோதனை. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் ஏறியிருந்தன. ஓடவிட்டு நாங்களே கல்லீரலைக் கெடுத்துவிட்டோமா?
— ஒரு தாய்

பதில்: இல்லை. ஓட்டம் கல்லீரலைக் கெடுக்காது. இந்த இரண்டு நொதிகளும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல, தசையிலும் உண்டு. பழக்கமில்லாத கடும் உழைப்புக்குப் பிறகு தசையிலிருந்து கசிந்து ரத்தத்தில் ஏறும். இறங்க ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் உறுப்பு நிராகரிப்பின்போதும் இதே எண்கள்தான் ஏறும் என்பதால் "ஓடினான், அதனால்தான்" என்று விட்டுவிட முடியாது. முந்தின நாள் விளையாடிய விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். தசையில் இருக்கும் சி.கே. நொதியும், தசையில் இல்லாத ஜி.ஜி.டி.யும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும். சி.கே. ஏறி, ஜி.ஜி.டி.யும் மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபினும் பழையபடியே இருந்தால் தசையின் மேல் சந்தேகம் போகும். எதுவானாலும் ஒரு வாரம் கடும் விளையாட்டு இல்லாமல் இருந்து, மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி பரிசோதியுங்கள். இனிமேல் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களில் கடும் பயிற்சியைத் தவிர்த்துவிடுங்கள். வீண் பயம் மிச்சமாகும்.

கேள்வி: நீச்சல் கற்றுக்கொள்ளலாமா?
— ஒரு தந்தை

பதில்: வெளியே தெரியும் குழாய்கள் எல்லாம் எடுத்து, புண் முழுதாக மூடி, மருத்துவர் தலையசைத்த பிறகு தாராளமாக. மூட்டுக்கும் தசைக்கும் நீச்சலைப்போல இதமான பயிற்சி குறைவு. குளோரின் சரியாகக் கலந்த குளம்தான் வேண்டும். தேங்கிய நீர்நிலையும் வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம். குளோரினுக்கும் அசையாத கிருமி ஒன்று உண்டு, கிரிப்டோஸ்போரிடியம். எனவே தண்ணீரை விழுங்காமல் நீந்தப் பழக்குங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: குடல் சுவர் பழுதடையும்போது டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் சேரும், உடலில் நீரும் குறையும், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருந்தின் அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

வெயிலையும் கவனியுங்கள். இந்த மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். முழுக்கை நீச்சலுடை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவது, நடுப்பகலைத் தவிர்ப்பது.

கேள்வி: வயது 15. எனக்கு இரண்டு வயதில் மாற்று சிகிச்சை நடந்தது. ஜிம்முக்குப் போக ஆசை. புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும் எடுக்கலாமா?
— ஒரு மாணவர்

பதில்: ஜிம்முக்குப் போ தம்பி. எடை தூக்குவது உன் எலும்புக்கும் தசைக்கும் தேவை. முதல் இரண்டு மாதம் 12 முதல் 15 முறை சிரமமில்லாமல் தூக்கக்கூடிய எடை மட்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விடு. மூச்சைப் பிடித்துத் திணறினால் அந்த அழுத்தம் முழுக்கப் பழைய தழும்பில் விழும். "ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு" என்ற போட்டிக்குள் போகாதே. மண்ணீரல் பெரிதாக இருந்தாலோ உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருந்தாலோ உன் மருத்துவர் வேறு வரம்பு சொல்வார், அதைக் கேட்டுக்கொள்.

கிரியேட்டின் வேண்டாம். அது உடலில் கிரியாட்டினினாக மாறும். உன் சிறுநீரகத்தைக் கண்காணிக்க மருத்துவர்கள் பார்க்கும் எண்ணே அதுதான். அது குழம்பினால் நிஜமாகவே சிறுநீரகம் கெடுகிறதா என்று தெரியாமல் போகும். புரோட்டீனைச் சாப்பாட்டிலிருந்தே எடு; போதவில்லை என்று உணவியல் நிபுணர் சொன்னால் மட்டும் பவுடர். "இயற்கை", "மூலிகை" என்று எழுதியிருக்கும் டப்பாக்கள் இன்னும் மோசம். பச்சைத் தேயிலைச் சாறும் அஸ்வகந்தாவும் சிலருக்குக் கல்லீரல் அழற்சி தந்திருக்கின்றன. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டாக்ரோலிமஸ் அளவை இறக்கிவிடும்; அது நிராகரிப்புக்கு வழி. தசை வளர்க்கும் ஹார்மோன் ஊசியை யார் நீட்டினாலும் தொடாதே.

இடுப்பு மடிப்பிலோ முழங்காலிலோ வலி வந்து நொண்டினால் "தசைப்பிடிப்பு" என்று தள்ளிப்போடாதே. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் குறைந்து அது நைந்துபோகும் ஆபத்து உண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியும். குனியும்போது திடீரென்று வரும் முதுகு வலியும் அப்படியே, முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்டீராய்டால் ஒன்பது வயது மகனின் எடை ஏறிவிட்டது. பட்டினி போடலாமா?
— ஒரு தாய்

பதில்: கூடாது. பட்டினியில் கொழுப்போடு தசையும் போகும். நோய்க்காலத்தில் எடை கூட்டுவதற்காகக் கொடுத்த கூடுதல் மாவு, எண்ணெய், இனிப்புப் பானம் இன்னும் தொடர்கிறதா என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்த மறந்த வீடுகள் நிறைய. எடையைக் குறைப்பது இலக்கல்ல. உயரம் வளரும்வரை எடை நின்றாலே போதும். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவிடாதீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட பிள்ளைகள் என்றைக்காவது பெரிய போட்டிகளில் கலந்துகொள்ள முடியுமா?
— ஒரு தாத்தா

பதில்: முடியும் ஐயா. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ் க்ளக் 2000-இல் கல்லீரல் மாற்று செய்துகொண்டு, 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கென்றே உலகப் போட்டிகள் 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கின, இன்றும் நடக்கின்றன. குழந்தைகளுக்கும் அதில் இடம் உண்டு.

கேள்வி: மகள் பள்ளி ஓட்ட அணியில் சேர்ந்திருக்கிறாள், வயது 12. மாலைப் பயிற்சி மருந்து நேரத்தோடு மோதுகிறது. ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாமா?
— ஒரு தந்தை

பதில்: தினமும் ஒரு நேரம் என்று அலைய வேண்டாம். 12 மணி நேர இடைவெளிதான் மருந்தின் அளவை நிலையாக வைத்திருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையையும் சேர்த்து நிரந்தரமாக நகர்த்த முடியுமா என்று மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். பெரும்பாலும் வழி சொல்வார்கள். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மருந்து என்பதையும் புதிய நேரத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கான மாத்திரை விளையாட்டுப் பையில், வெயில் படாத இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

பயிற்சியின்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்கட்டும், தாகம் எடுக்கக் காத்திருக்காமல். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். தண்ணீருக்கு மருத்துவர் வரம்பு வைத்திருந்தால் மட்டும் அவர் சொன்ன அளவு. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.